சேது நாணயங்கள்

மாரி மழை ஓய்ந்தபின் வட இலங்கையின் பழைய குடியிருப்பு மேடுகளில் சிறு செப்புக்காசுகள் மண்ணுக்கு மேலே தெரிவதுண்டு. களிம்பேறிய காசு கையில் அகப்பட்டால் அதைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது பலர் வழக்கம். அவ்வாறு தேய்க்கும்போது களிம்போடு எழுத்தும் உருவமும் தேய்ந்துபோகின்றன. அதனால் நேரும் இழப்பு எத்துணைப் பெரிது என்பதைச் சேது நாணயத்தின் வரலாறு காட்டும்.

அந்நாணயத்தின் ஒரு பக்கத்தில் நின்ற கோலத்தில் ஓர் உருவம் காணப்படும். மறுபக்கத்திற் படுத்திருக்கும் நந்தியும், அதன் கீழே 'சேது' என்னும் ஒரே சொல்லும் தமிழெழுத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். அரசன் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. அங்ஙனமாயின் இதை வெளியிட்டவர் யார்?

சேது என்றவுடன் இராமேசுவரமே நினைவுக்கு வரும். அத்தலத்தின் காவலராய் விளங்கியவர் இராமநாதபுரத்துச் சேதுபதிகள். ஆகவே நாணயமும் அவர்களுடையதே என அறிஞர் சிலர் கருதினர். சொல்லை மாத்திரம் நோக்குவார்க்கு இம்முடிபு இயல்பானதே.

ஆயினும் 1920ஆம் ஆண்டில் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை, இவற்றை யாழ்ப்பாணத்து அரசரின் மறக்கப்பட்ட நாணயங்கள் என நிலைநாட்ட முயன்றது. 1924இல் வெளிவந்த கொட்றிங்ரன் அவர்களின் இலங்கை நாணய நூலும் இவை ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு உரியவை என்றே கொண்டது.

இம்முடிபுக்கு ஆதாரங்கள் மூன்று. முதலாவது, எழுத்து. கேகாலைப் பகுதியிலுள்ள கொட்டகமக் கல்வெட்டு, சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைக் கூறுவது. அத்தமிழ்ச் சாசனம் 'சேது' என்னும் சொல்லோடு தொடங்குகின்றது. எனவே அது யாழ்ப்பாண அரசரின் மங்கலச் சொல்லாயிற்று.

இரண்டாவது, வடிவம். நின்ற உருவத்தை ஒருபுறமும் அமர்ந்த உருவத்தை மறுபுறமும் பொறிக்கும் முறை, முதலாம் இராசராச சோழன் காசுகளில் விளங்குவது. பொலன்னறுவை மன்னர் அதனைப் பின்பற்றினர். சேது நாணயத்தில் நின்ற உருவம் அவ்வாறே இருக்க, அமர்ந்த உருவின் இடத்தை நந்தி பெற்றது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்ற சேதுபதிகளின் ஆட்சிக்கு இவ்வமைப்பு முற்பட்டது.

மூன்றாவது, கண்டெடுத்த இடம். இக்காசுகள் வட இலங்கையில் மிகுதியாகக் கிடைக்கின்றன. செப்புக்காசு சந்தைச் செலவுக்குரியது. பொன் நாணயம்போல் நெடுந்தூரம் செல்வது அரிது. ஆதலின் அது எங்கே மிகுதியாகக் கிடைக்கின்றதோ, அங்கேயே வழங்கியிருத்தல் வேண்டும்.

இவற்றுள் முதலிரண்டு ஆதாரங்களும் நாணயத்தைக் கொண்டு ஆராயத்தக்கவை. மூன்றாவதோ நாணயத்தில் எழுதப்பட்டிருப்பதன்று. எடுத்தவர் சொன்னாலன்றி அது பிறர்க்குத் தெரியாது. ஊரும் பேரும் இன்றி வணிகர் பையிற் சேர்ந்த காசு, அழகிய பொருளாய் இருக்கலாம். எந்த அரசின் எல்லையையும் அது சுட்டிக்காட்டாது.

ஆகவே பழங்காசைக் காண்போர் அதைப் புளியாலோ அமிலத்தாலோ துலக்குதல் ஆகாது. ஊர், காணி, கண்டெடுத்த நாள், மண்ணின் ஆழம், உடன்கிடந்த ஓடு, மணி முதலியவற்றைக் குறித்து, அக்குறிப்பைக் காசோடு சேர்த்து வைத்தல் வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் இத்தகைய பொருள்களை உரிய அதிகாரிக்கு அறிவிக்கும் கடமையை விதிக்கின்றது.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அவ்வரசின் மாளிகைகளுள் முழுமையாய் நிற்பது ஒன்றுமில்லை. ஆனால் அந்நாட்டுக் குடியானவன் அரிசிக்கும் உப்புக்கும் கொடுத்து வாங்கிய காசு இன்றும் மண்ணில் உள்ளது. அது கிடந்த இடத்தை ஒருவர் குறித்துவைத்தால், நாளைய ஆராய்ச்சியாளர் அதன் கதையைத் தொடர்ந்து எழுதுவர்.