தன்னுடையதைத் தேடிப் போனவர்

சொந்த மண்ணின் மீதான பற்று உண்மையானதென்றால், அது ஆராயாமல் ஓயாது. அந்த ஆராய்ச்சி நேர்மையானதென்றால், எல்லைக் கோட்டோடு நிற்காது. ஹங்கேரிய இசையமைப்பாளரும் இசை ஆய்வாளருமான பெலா பார்டோக்கின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். 1903-இல், இருபத்திரண்டு வயதில், ஹங்கேரியின் விடுதலைத் தலைவர் கொசூத்தைப் போற்றி ஒரு பெரும் இசைப்படைப்பு எழுதினார். பொருள் தேசப்பற்று, நடையோ ஜெர்மானியரான ரிச்சர்ட் ஸ்ட்ராஸிடம் கற்றது. மறு ஆண்டே டிரான்சில்வேனியப் பணிப்பெண் ஒருத்தி பாடியது அவர் காதில் விழுந்தது. நகரங்களில் ரோமா இனத்தவரின் இசைக்குழுக்கள் வாசித்ததையே ஹங்கேரிய இசை என்று உலகம் நம்பியிருந்த காலம் அது; இவள் பாடியதோ கிராமத்துப் பாட்டு.

இசையமைப்பாளரான நண்பர் கோடாயைப் போலவே அவரும் ஃபோனோகிராஃப் ஒலிப்பதிவுக் கருவியோடு கிராமங்களுக்குப் போனார். ஒரு மெழுகு உருளையில் சில நிமிடப் பாட்டுத்தான் அடங்கும். திரும்பி வந்து அதையே மீண்டும் மீண்டும் ஓடவிட்டு, பாடியவரின் குரல் அசைந்த ஒவ்வொரு நெளிவையும் சின்னஞ்சிறு சுரக் குறிகளாகத் தாளில் இறக்கினார். பழைய ஹங்கேரியப் பாடல்கள் ஐந்து சுரங்களில் அமைந்தவை என்பது தெளிவானது. ஸ்லோவாக், ருமேனியப் பாடல்களையும் அதே அக்கறையோடு சேர்த்தார். முதல் உலகப் போரில் தோற்று ஹங்கேரி நிலம் இழந்திருந்த 1920-இல், ருமேனிய இசையைப் பற்றி எழுதியதற்காக அவருடைய தேசப்பற்றையே பத்திரிகையில் சந்தேகித்தார்கள். காயம்பட்டிருந்த ஒரு மக்களின் கோபம் புரிகிறது. ஆனாலும் பக்கத்து ஊர்ப் பாட்டைக் கேட்காதவர், எது நம்முடையது என்று எதை வைத்துச் சொல்வார்? 1936-இல் துருக்கிக் கிராமங்களில் பழைய ஹங்கேரிய மெட்டுகளின் சாயலை அவர் கண்டதும் இந்த ஒப்பீட்டால்தான்.

படைப்பாளி ஒருவர் பதிவேடு எழுதிக் காலத்தைக் கழிக்கலாமா என்றும் கேட்கலாம். 1934-இல் பியானோ கற்பிப்பதை விட்டு, நாட்டுப்பாடல்களைத் தொகுக்கும் பணிக்கு அறிவியல் அகாதமி சென்றார். தந்திக் கருவிகள், தாளக் கருவிகள், செலெஸ்டா ஆகியவற்றுக்கான அவருடைய மகத்தான படைப்பு பிறந்தது 1936-இல், அந்தத் தொகுப்பு வேலைக்கு நடுவில். மெட்டுகளைக் கடன் வாங்குவதோடு அவர் நிற்கவில்லை. கிராமத்துப் பாட்டின் சுர இடைவெளிகளிலிருந்தே புதிய ஒலிக்கூட்டுகளை உருவாக்கினார். பல்கேரியரின் சமமற்ற தாளங்கள் அவர் பியானோ நடனங்களாயின. உருளைகளின் முன் உட்கார்ந்த பொறுமை இல்லாமல் இவை வந்திருக்குமென்று நான் நம்பவில்லை. 1940-இல் ஹங்கேரியை விட்டு அமெரிக்கா சென்றவருக்குக் கொலம்பியா பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அங்கே அவர் செய்த வேலையும் அதுவேதான்: அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி யுகோஸ்லாவியாவில் பதிவுசெய்திருந்த பாடல்களை, ஒரு நெளிவும் விடாமல் சுரப்படுத்துவது.