கல்யாணம் ஆனாலும் 'சட்டவிரோதக் குடியேறி'யா?

நேற்று இரவு ஸ்பேஸில் பேசியதைக் கேட்க முடியாதவங்களுக்காக இந்தப் பதிவு.

இந்தியரைக் கல்யாணம் பண்ணி, இங்கே 7 வருஷம் வாழ்ந்த வெளிநாட்டவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. ஆனா அதிலேயே ஒரு பூட்டும் இருக்கு: அவர் 'சட்டவிரோதக் குடியேறி'யா இருக்கக் கூடாது.

1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடிச்சுக்கிட்டு ராமேஸ்வரம் கரையில் படகில் வந்து இறங்கினவங்ககிட்ட பாஸ்போர்ட் எங்கே இருக்கும்? விசா எங்கே இருக்கும்? அதனால முகாமில் வாழும் ஈழத்தமிழர், உள்ளூர்ப் பெண்ணைக் கட்டினாலும் கதவு திறக்கல.

பிள்ளைகள் நிலைமை இன்னும் கொடுமை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு, அம்மா இந்தியரா இருந்தாலும், அப்பா மேல அந்த முத்திரை இருந்தா பிறப்பால் குடியுரிமை கிடையாது. அந்தக் குழந்தை என்ன தப்பு பண்ணுச்சு?

2019 திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்தில் இருந்து வந்த ஆறு மதத்தவருக்கு இந்த முத்திரையை நீக்கியது. இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

2025-ல் ஒன்றிய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையில் இருந்து விலக்கு கொடுத்தது. வரவேற்போம். ஆனா, 'உன்னை ஜெயில்ல போட மாட்டோம்'னு சொல்றது வேற, 'நீ எங்க ஆளு'ன்னு சொல்றது வேற.

நம்ம கோரிக்கை ஒண்ணுதான். இந்தியரை மணந்தவங்க, அவங்க பிள்ளைகள் மேல இருக்கிற அந்த முத்திரையை முதல்ல எடுங்க.

உங்க தொகுதி எம்.பி.யை டேக் பண்ணி இதைப் பகிருங்க தோழர்களே!

#முத்திரையை_நீக்கு