போட்டியாளர் காட்டும் கணக்கு

புதிதாகப் பணம் போடும் முன் எந்த நிறுவனமும் தன் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. அதே தொழிலில் இருக்கும் போட்டியாளர் வெளியிடும் காலாண்டு, ஆண்டு அறிக்கைகளையும் வரி வரியாகப் படிக்கிறது. சந்தை வளர்கிறதா, செலவு போக லாபம் எவ்வளவு நிற்கிறது என்று அறிய அதைவிட மலிவான சான்று இல்லை. அந்தச் சான்று பொய்த்துப்போனால் ஒரு தொழிலே தடம் மாறிவிடும். அமெரிக்கத் தொலைத்தொடர்புத் துறைக்கு நேர்ந்தது இதுதான்.

வேர்ல்ட்காம் நிறுவனத்தின் இணையப் பிரிவான யூயூநெட், இணையப் போக்குவரத்து 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று சொல்லிவந்தது. அப்படியானால் ஓராண்டில் ஏறத்தாழ 12 மடங்கு. அமெரிக்க வணிகத்துறையின் 1998ஆம் ஆண்டு அறிக்கையிலும் இந்தக் கூற்று ஏறிவிட்டது. 1995, 96 வாக்கில் அந்த வேகம் சிறிது காலம் உண்மையாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. ஆனால் ஏடி அண்ட் டி ஆய்வாளர்கள் கெர்ரி காஃப்மன், ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ இருவரும் 1998இலேயே கணக்கிட்டுப் பார்த்தபோது, வளர்ச்சி ஆண்டுக்கு இரண்டு மடங்கு அளவில்தான் இருந்தது. அவர்கள் சொன்னது எடுபடவில்லை. நிறுவனங்கள் கடன் வாங்கிக் கண்ணாடியிழை வடங்களைப் புதைத்தன. அவற்றில் பெரும்பகுதி பயன்படாமலே மண்ணுக்குள் கிடந்தது.

அடுத்த பொய் செலவுக் கணக்கில் நுழைந்தது. பிற நிறுவனங்களின் தடங்களைப் பயன்படுத்த வேர்ல்ட்காம் கட்டிய கட்டணம் அன்றாடச் செலவு. 2001 முதல் அதில் ஒரு பகுதியை மூலதனச் செலவாக எழுதினார்கள். செலவு குறைந்தது, லாபம் கூடியது, எல்லாம் காகிதத்தில். அந்த லாபத்தைத் தங்களால் ஏன் எட்ட முடியவில்லை என்று போட்டி நிறுவனங்களின் நிர்வாகிகள் குழம்பினார்கள்; குறை தங்களிடம்தான் என்று நம்பினார்கள். இந்தக் கதையில் மிகவும் வருத்தம் தரும் இடம் இதுவே.

சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு 2002இல் மோசடியைக் கண்டுபிடித்தது. ஜூன் மாதம் 380 கோடி டாலர் என்று அறிவிக்கப்பட்ட தொகை, பின்னர் சுமார் 1,100 கோடியாக வளர்ந்தது. ஜூலையில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

இதைப் போன்ற மோசடிகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், பொய்க்கணக்கு ஓடிய காலத்தில் அதே துறையின் மற்ற நிறுவனங்களும் முதலீட்டைக் கூட்டியிருந்ததைக் கண்டார்கள். முதலீட்டாளர்களின் உற்சாகம் மிகுந்திருந்த துறைகளிலும், மூலதனம் மலிவாகக் கிடைத்த துறைகளிலும் இந்தப் பாதிப்பு இன்னும் கூடுதலாக இருந்தது.