பொது வானலையும் பூட்டிய செய்தியும்

(பொறியியல் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் வடிவம்)



நான் பொருளாதாரம் பயின்றவன். மின்னணுவியல் வல்லுநன் அல்லன். எனினும் வானலை பொருளாதாரத்திற்கும் உரிய பொருளேயாகும். அது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தைப் போன்றது. யாவர்க்கும் அதில் உரிமை உண்டு. ஒருவர் பொறுப்பின்றி நடந்துகொண்டால் இழப்பு யாவரையும் சாரும்.

1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதையே தடை செய்தது. பின்னர், விதிவிலக்குகள் படிப்படியாக வந்தன. 2005ஆம் ஆண்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமம் வேண்டுவதில்லை என்று அறிவிக்கப்பட்டது. 2021ஆம் ஆண்டில் இவ்வெல்லை 868 மெகாஹெர்ட்ஸ் வரை விரிவுபடுத்தப்பட்டது. திறனுக்கு வரம்பு உண்டு என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

இந்த அலைவரிசையில் இயங்கும் 'லோரா' என்னும் முறை பிரான்சு நாட்டில் உருவாயிற்று. மிகக் குறைந்த மின்சாரத்தில், சிறு சிறு செய்திகளைப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்ப அதனால் இயலும். மண்ணின் ஈரத்தையும் ஏரியின் நீர்மட்டத்தையும் தொலைவிலிருந்தே அறியலாம். ஆர்வலர்கள் தம் சொந்தச் செலவில் இக்கருவிகளை அமைத்துச் சோதித்து வருகின்றனர். இத்தகைய ஆர்வத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த அமெச்சூர் வானொலியாளர்கள் வெளியுலகிற்குச் செய்தி அனுப்பி உதவியதை நாடறியும்.

ஆயினும், ஆர்வம் மட்டும் போதுமா? சென்ற ஆண்டு நான் கண்ட ஒரு கண்காட்சியில், மாணவர் சிலர் தொலைவிலிருந்து நீரேற்றும் மோட்டாரை இயக்கும் கருவியைக் காட்டினர். "செய்தியை மறையாக்கம் செய்தே அனுப்புகிறோம், ஐயா, யாராலும் படிக்க முடியாது" என்றனர். அவர்களின் இசைவைப் பெற்று, மற்றொரு மாணவர் அந்த அலையைப் பதிவு செய்தார். சற்று நேரங்கழித்து அதனை அப்படியே மீண்டும் அனுப்பினார். மோட்டார் ஓடத் தொடங்கிற்று. அவர் செய்தியைப் படிக்கவில்லை; படிக்க வேண்டிய தேவையும் எழவில்லை. நேற்றைய ஆணையை இன்றைய ஆணையாகக் கருவி ஏற்றுக்கொண்டதே குறை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை சில உள்ளன. முதலாவது, முறை புதியது என்பதே பாதுகாப்பாகிவிடாது. லோரா அலையின் அமைப்பு ஒரு நிறுவனத்தின் தனியுடைமையாக இருந்தும், 2016ஆம் ஆண்டிற்குள் ஆய்வாளர்கள் அதனைப் பிரித்தறிந்து வெளியிட்டுவிட்டனர். இரண்டாவது, லோரா என்பது அலையை அனுப்பும் முறையே. அதற்கெனத் தனிப் பூட்டு இல்லை. அதன்மீது அமைந்த 'லோராவான்' நெறிமுறையில் 128 பிட் திறவுகோல்கள் உண்டு; பழைய செய்தியை மறுக்கும் வரிசை எண்ணும் உண்டு. ஆனால், சோதனையின்போது தொல்லையாக இருக்கிறதென்று அந்த எண் சரிபார்ப்பை நிறுத்திவிடுவோர் உளர். மாதிரி நிரலில் அச்சிட்ட திறவுகோலை அப்படியே வைத்துக்கொள்வோரும் உளர். ஊரறிந்த சாவி சாவியாகாது. மூன்றாவது, கருவி பொய்ச் செய்திக்கு இரையானாலும் தீங்கு நேராதிருக்க வேண்டும். தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானே நிற்கும் இயந்திர அமைப்பு எளிய காப்பாகும்.

இங்கு ஒரு சட்ட நுட்பமும் உண்டு. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியில், பொருளை மறைக்கும் நோக்குடன் செய்தியை மறையாக்கம் செய்தல் மரபுக்கு ஒவ்வாது. அங்கு வெளிப்படையே விதி. எனவே, மறைத்தனுப்ப வேண்டிய செய்திக்கு உரிய அலைவரிசையைத் தேர்ந்துகொள்வது ஆர்வலரின் கடமை.

அலுவலக நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கருவிகளை வாங்கும்போது விலையை மட்டும் கேளாதீர்கள். ஒவ்வொரு கருவிக்கும் தனித் திறவுகோல் உண்டா, அது யார் கையில் இருக்கும், பின்னர் மாற்ற இயலுமா என்றும் கேளுங்கள். தொடக்கத்தில் செய்யும் சிறு செலவு, நூற்றுக்கணக்கான கருவிகளைப் பின்னர் ஊர் ஊராகச் சென்று மாற்றும் பெருஞ்செலவைத் தவிர்க்கும்.

மாணவர்களே, உங்கள் சோதனை உங்கள் கருவியின்மீதோ, உடையவர் இசைந்த கருவியின்மீதோ மட்டுமே நடக்கட்டும். பிறர் கருவியில் குறை கண்டால், முதலில் அவருக்குச் சொல்லுங்கள். உரிமம் வேண்டாத அலைவரிசை அரசு மக்கள்மீது வைத்த நம்பிக்கையாகும். அந்நம்பிக்கை தவறாகப் பயன்படுத்தப்பட்டால், கட்டுப்பாடு திரும்பி வரும். அதனால் முதலில் இழப்பவர் உங்களைப் போன்ற இளைஞரே. சுதந்திரத்தைப் பெறுவது ஒருமுறை, காப்பது நாள்தோறும்.