ஆக்ஸிலேட்டரும் ஒரு ‘டொக்’ சத்தமும்

பைக்கில் ஆக்ஸிலேட்டரை விட்டுத் திருகும்போது ‘டொக்’ என்று சத்தம் வருகிறதா? செயின்தான் காரணம் என்று உடனே இறுக்கிவிடாதீர்கள். எஞ்சினை அணைத்து, முன் ஸ்ப்ராக்கெட்டின் மூடியைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். சில பைக்குகளில் லேசான ஆட்டம் இயல்புதான். ஆனால் அது மாட்டியிருக்கும் ஷாஃப்ட் அசையாமல் ஸ்ப்ராக்கெட் மட்டும் நன்றாக ஆடி, நடுவில் செங்காவி நிறத்தில் பொடியும் படிந்திருந்தால், இரண்டையும் கோத்துப் பிடிக்கும் பற்கள் தேய்ந்துவருகின்றன. முதலில் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்றுங்கள், செலவு குறைவு. புதியதும் அதே அளவு ஆடினால் ஷாஃப்ட்டே தேய்ந்திருக்கிறது. அதை மாற்ற, பெரும்பாலும் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். ஸ்ப்ராக்கெட்டையும் ஷாஃப்ட்டையும் வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்பார்கள். தயவுசெய்து வேண்டாம், சூட்டில் ஆயில் சீல் கெடும். பற்கள் முழுதும் வழுக்கிவிட்டால் எஞ்சின் உறுமும், பின்சக்கரத்துக்கு இழுவை போகாது. பின்னால் லாரி வரும் நெடுஞ்சாலையில் அது உயிருக்கே ஆபத்து.