மலை அசைந்த காலை



மலையகத்தில் பிறந்தவனுக்கு நிலம் அசைவதென்றால் மண்சரிவுதான். மழை நாட்களில் லயத்துக்குப் பின்னாலுள்ள மண்மேட்டை நினைத்துக்கொண்டே உறங்கி வளர்ந்தவர்கள் நாங்கள். மழையே இல்லாத ஒரு காலையில் மலை அசைந்ததையும், அது எங்களுக்குத் தெரியாமற் போனதையும் இன்று சொல்ல வந்தேன்.

2004 டிசெம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுங்கூட. பெரட்டு இல்லை. ஹட்டனுக்கு அருகே எங்கள் தோட்டத்தில் அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டியிருந்தார். அந்நாளைய நம் நேரப்படி 6.58க்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது.

கண்டிக்கு அருகே பல்லேகலையில், உலகளாவிய வலையமைப்பைச் சேர்ந்த நிலநடுக்கமானி ஒன்று நிலத்துக்கடியில் இருக்கிறது. வாகன இரைச்சலும் காற்றும் வெயிற் சூடும் அண்டாதிருக்கவே அதனைக் கீழே வைப்பது. நான்கு நிமிடத்துக்குள் முதல் அதிர்வு அதனைத் தொட்டது. பின்னால் வந்த மேற்பரப்பு அலைகளில் பல்லேகலை நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியதாகப் பதிவு சொல்கிறது. ஒரு விரல் நீளத்துக்கு மேல்! எங்கள் மலையும் ஏறக்குறைய அவ்வாறே அசைந்திருக்க வேண்டும். தேயிலையும் லயமும் அம்மாவின் கேத்தலும் ஒன்றாகவே, மிக மெதுவாக உயர்ந்து தாழ்ந்தன. கேத்தல் மூடிகூட ஆடவில்லை. நிலநடுக்கம் என்கிறோம், நடுங்காமலே அசையும் நிலத்துக்கு என்ன சொல்? தமிழ் படிப்பிக்கும் நான் தேடிப் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை.

அண்ணன் அப்போது கல்முனையில் ஒரு கடையில் வேலை செய்தார். கடல் அந்தக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரமானது. இரண்டு மணி நேரம்! ஆனால், நிலத்தடிக் கருவி எழுதியதைக் கரைக்குச் சொல்லும் ஏற்பாடு எதுவும் இந்து சமுத்திரத்தில் அன்று இருக்கவில்லை. பசிபிக்கில் 1949 முதல் இருந்தது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட பிறகே இங்கும் அது வந்தது. ஹக்மனையிலும் மகாகனதராவையிலும் புதிய கருவிகள் வைத்தார்கள்.

அண்ணன் ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தார். யாரோ கொடுத்த சாரம், ஒரு காலில் மட்டும் செருப்பு. படியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் பேசவில்லை. அம்மா தேத்தண்ணியைக் கையில் கொடுத்தபோது கேட்டார்:

"இங்க ஒண்ணுமே தெரியலையாம்மா?"

"இல்லப்பா. வெயிலா இருந்திச்சு. ஒண்ணுமே தெரியல."