ஊருக்கடியில் ஒரு ஹவ்ளு
(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஏக இறைவனைப் புகழ்ந்து இவ்வுரையைத் தொடங்குகின்றோம். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டு, ஒப்புதலும் பெறப்பட்டு விட்டது. பணத்திற்குக் கணக்குக் கேட்பதும் கணக்குச் சொல்வதும் நம் ஜமாஅத்தின் நல்ல மரபு. இன்று இன்னொரு கணக்கையும் உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அது தண்ணீர்க் கணக்கு.

சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்றவுடன் அது அரசாங்கத்தின் வேலை, விஞ்ஞானிகளின் வேலை என்று எண்ணிவிடுகின்றோம். ஆனால் நம் வீட்டுக் குழாயும், நம் கூரையில் விழும் மழையும், நம் விருந்தில் மிஞ்சும் குப்பையும் நம் கையில்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றி மட்டுமே இங்கு பேசுகின்றோம்.

கண்ணுக்குத் தெரியாத பொதுச் சொத்து

பழைய பள்ளிவாசல்களில் ஹவ்ளு எனும் நீர்த்தடாகம் இருக்கும். சுற்றிலும் அமர்ந்து அனைவரும் அதில் உளூச் செய்வார்கள். அதன் நீர்மட்டம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஒருவர் அதிகமாக இறைத்தால் மற்றவர் பார்ப்பார். குறைந்தால் நிரப்பவேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும்.

நமதூரின் அடியிலும் அதுபோன்ற ஒரு ஹவ்ளு இருக்கின்றது. அதுதான் நிலத்தடி நீர். மேலே வீட்டுக்கு வீடு மதில் சுவர் உண்டு. கீழே அந்தச் சுவர்கள் இல்லை. நம் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டாரைப் போட்டு இழுக்கும் நீர், அடுத்த வீட்டுக் கிணற்றில் ஊறவேண்டிய நீருந்தான். பட்டா நம் பெயரில் இருக்கலாம். பூமிக்கடியில் ஓடும் ஊற்றுக்குப் பட்டா இல்லை. எனவே தண்ணீரைச் சிக்கனமாகப் புழங்குவது, மின்கட்டணத்தை மிச்சப்படுத்தும் சொந்த விஷயம் மட்டுமன்று. அண்டை வீட்டாருக்கு நாம் செலுத்தவேண்டிய ஹக்கு ஆகும்.

கடலோர ஊர்களுக்கு இதில் கூடுதலான ஓர் ஆபத்தும் இருக்கின்றது. மணற்பாங்கான கரையோரங்களில் நன்னீர், கனமான உப்புநீரின் மீது மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓரடி உயரம் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் அறியப்பட்ட கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள். நாம் இறைத்து இறைத்து மேல்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், கீழிருந்து உப்புநீர் காலப்போக்கில் நாற்பதடி மேலேறி வரும். கிணறு வற்றுகிறதே என்று இன்னும் ஆழமாகத் துளையிட்டால், நன்னீரைத் தேடிப் போய் உப்புநீரையே சந்திப்போம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்து, கிணறுகள் உவர்ப்பாக மாறியதை நாடறியும்.

தண்ணீர் உப்பேறினால் என்ன ஆகும் என்பதைத் தாய்மார்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாயும் பாத்திரமும் வெள்ளை படியும், தென்னை காய்ப்பு குறையும். வசதியுள்ளவர் சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கிக்கொள்வார். வசதியற்றவர் குடம் குடமாக விலை கொடுத்து வாங்குவார். ஊர்த் தண்ணீர் கெட்டால் அதன் அபராதத்தை முதலில் கட்டுபவர் ஏழைதான்.

மதீனாவில் ரூமா என்றொரு கிணறு இருந்தது. அதன் நீரை மக்கள் விலை கொடுத்தே பெற வேண்டியிருந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் அதை விலைக்கு வாங்கி, அனைவருக்கும் பொதுவென வக்ஃபு செய்தார்கள். வாங்கியவர் என்ற உரிமையில் தனிப்பங்கு எதுவும் வைத்துக்கொள்ளாமல், பிறரைப் போன்றே தாமும் அதில் நீர் எடுத்தார்கள். செல்வந்தர் ஒருவர் பொதுத் தண்ணீரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமோ?

உளூச் செய்யும் குழாயடியில்

கணக்கைப் பள்ளிவாசலிலிருந்தே தொடங்குவோம். நபி (ஸல்) அவர்கள் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவான ஒரு ‘முத்து’ நீரில் உளூச் செய்ததாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. மத்ஹபுகளுக்கிடையே அளவில் சிறு வேறுபாடு இருப்பினும், அது ஏறத்தாழ ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து உளூச் செய்தாலும் வீண்விரயம் மக்ரூஹ் என்று மார்க்கச் சட்ட மேதைகள் எழுதி வைத்தார்கள்.

இன்று முழுவதும் திறந்துவிட்ட குழாயிலிருந்து நிமிடத்திற்கு எட்டு, பத்து லிட்டர் எளிதாகக் கொட்டுகின்றது. ஐயமுள்ளவர்கள் ஒரு வாளியும் கைக்கடிகாரமும் வைத்து அளந்து பார்க்கலாம். சட்டைக் கையை மடிக்கும்போதும், தலைக்கு மஸ்ஹு செய்யும்போதும், பக்கத்தில் இருப்பவரிடம் நலம் விசாரிக்கும்போதும் குழாய் ஓடிக்கொண்டே இருக்கின்றது.

ஒரு வக்துக்கு நூறு பேர் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 500 உளூ. ஒவ்வொருவரும் குழாயைச் சற்றுக் குறைத்துத் திறந்து 10 லிட்டர் மிச்சப்படுத்தினால், ஒரு நாளைக்கு 5,000 லிட்டர். ஓராண்டுக்கு 18 லட்சத்து 25 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் இது 152 நடை. கைவிரல் அசைவு ஒன்றில் இவ்வளவும் அடங்கியிருக்கின்றது.

உளூச் செய்த நீரில் சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை. அதைக் கழிவறைச் சாக்கடையோடு கலந்து விடுவது பெரும் நஷ்டம். தனிக் குழாய் வழியாகப் பள்ளி வளாகத்துத் தென்னைக்கும் வேம்புக்கும் கொண்டுபோனால் மரங்கள் செழிக்கும். மீதி மண்ணில் இறங்கும்.

வீட்டுக்குள்ளே

வீட்டில் செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. கவனம் ஒன்றே போதும்.

முதலாவது, ஒழுகும் குழாய். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20 லிட்டர் வீணாகும். பெரும்பாலும் ஒரு வாஷரை மாற்றினால் நின்றுவிடும்.

இரண்டாவது, மேல்நிலைத் தொட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போவதும், தொட்டி நிரம்பித் தெருவில் வழிவதும் அன்றாடக் காட்சி. தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி கடைகளில் கிடைக்கின்றது. வழியும் நீர் மட்டுமல்லாமல் மின்சாரமும் மிச்சமாகும்.

மூன்றாவது, குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம். ஆர்.ஓ. இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்கு, பொதுவாக இரண்டு மூன்று லிட்டரைக் கழித்து வெளியே தள்ளுகின்றது. அந்தக் குழாயைச் சாக்கடையில் விடாமல் ஒரு வாளியில் விட்டால், தரை துடைக்கவும் கழிவறைக்கு ஊற்றவும் ஆகும். உப்பு மிகுந்த நீராதலால் செடிக்கு ஊற்றுவதைத் தவிர்க்க வேண்டும்.

நான்காவது, அரிசி, காய்கறி கழுவிய நீர். நம் பாட்டிமார் அதை மாட்டுக்கு வைத்தார்கள். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றினார்கள். மாடு இல்லாத வீட்டிலும் செடி வைக்க இடமுண்டு.

கூரையில் விழும் ரஹ்மத்

செலவைக் குறைப்பது பாதிக் கணக்கு. வரவைக் கூட்டுவது மறுபாதி. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டில் கட்டாயமாக்கப்பட்டது. அன்று பொருத்திய குழாய்கள் இன்று எத்தனை வீடுகளில் வேலை செய்கின்றன? பல இடங்களில் குழாய் இருக்கின்றது, குழி மண்மூடிப் போயிற்று. சில இடங்களில் குழி இருக்கின்றது, குழாய் தெருவைப் பார்த்துத் திரும்பி நிற்கின்றது.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். தமிழகத்தின் சராசரி ஆண்டு மழை 900 மில்லி மீட்டருக்குச் சற்று அதிகம். ஆயிரம் சதுர அடிக் கூரை என்பது 93 சதுர மீட்டர். ஆக ஆண்டுக்கு எண்பதாயிரம் லிட்டருக்கு மேல் அக்கூரையில் விழுகின்றது. ஐந்தில் ஒரு பங்கு வீணாயிற்று என்று கழித்தாலும் 66,000 லிட்டர் மிஞ்சும். நாளொன்றுக்கு 500 லிட்டர் புழங்கும் குடும்பத்திற்கு இது நான்கு மாதத் தண்ணீர். பள்ளிவாசல் கூரை ஐயாயிரம் சதுர அடி என்றால், 3 லட்சம் லிட்டருக்கு மேல் நம் ஹவ்ளில் திரும்பச் சேரும்.

முறையும் எளிது. மூன்றடி நீள அகலத்தில், ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி. அடியில் பெரிய கற்கள், நடுவில் ஜல்லி, மேலே மணல். கைவிடப்பட்ட பழைய கிணறு இருந்தால் அதைக் குப்பை கொட்டி மூடிவிட வேண்டாம். கூரை நீரை மணல், ஜல்லியில் வடிகட்டி அதற்குள் விட்டால் அதைவிடச் சிறந்த சேமிப்பு இல்லை. பருவத்தின் முதல் மழையை மட்டும் வெளியே விட்டு, கூரை கழுவப்பட்ட பின்னர் குழிக்குத் திருப்பவேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும்; எனவே செப்டம்பரிலேயே மாடியைக் கூட்டி, குழாயின் அடைப்பை நீக்கி, குழியின் மேல்மணலை மாற்றிவிட வேண்டும்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அதே சென்னையின் ஏரிகள் 2019 கோடையில் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. இடையில் சென்றவை நான்கு ஆண்டுகள் கூட இல்லை. மழை பெய்தால் மட்டும் போதாது. பெய்ததைத் தங்க வைக்கவும் வேண்டும் என்பதற்கு இது சாட்சி.

விருந்தும் வாய்க்காலும்

மழைநீர் ஊரணிக்குப் போகும் வாய்க்காலை அடைப்பது எது என்று தூர்வாரும் தொழிலாளரைக் கேளுங்கள். பிளாஸ்டிக் பை, பிளாஸ்டிக் குவளை, தண்ணீர் பாட்டில் என்பார். இவற்றில் பெரும்பகுதி நம் நிகாஹ், வலீமா விருந்துகளின் மறுநாள்தான் தெருவுக்கு வருகின்றது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகள், குவளைகள், தண்ணீர்ப் பாக்கெட்டுகள் முதலியவற்றைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கின்றது. சட்டம் வந்தது, பழக்கம் இன்னும் போகவில்லை.

நம் முன்னோர் இதற்கு விடை வைத்திருந்தார்கள். கடலோர ஊர்களின் சஹன் சாப்பாட்டில் ஒரே தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து பகிர்ந்து உண்கின்றோம். தட்டும் குறைவு, கழுவும் நீரும் குறைவு, எடுத்து வைத்ததை மிச்சமின்றி உண்ணும் ஒழுக்கமும் அதிலுண்டு. பாட்டிலுக்குப் பதில் குடிநீர் கேனும் எவர்சில்வர் டம்ளரும் வைக்கலாம். ரமளானில் நோன்புக் கஞ்சி வாங்கப் பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு வந்த காலத்தில் கஞ்சிக்கொட்டகையில் குப்பை சேர்ந்ததில்லை. அந்தத் தூக்குச் சட்டியை மீண்டும் கையில் கொடுப்போம்.

ஜமாஅத் முன் வைக்கும் வேண்டுகோள்கள்

1. உளூச் செய்யும் குழாய்களில் நீரின் வேகத்தைக் குறைக்கும் வால்வு பொருத்துதல். உளூ நீரை மரங்களுக்குத் திருப்புதல்.
2. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மாதத்தில், தெருவுக்கு இருவராக இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று மழைநீர்க் குழாயைப் பார்வையிட்டு உதவுதல். முதியோரும் விதவைகளும் வாழும் வீடுகளில் பழுதைச் சரிசெய்யும் செலவை ஜமாஅத்தே ஏற்றல்.
3. நிகாஹ் பதிவின்போது, தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொருள் விருந்தில் இடம்பெறாது என இருவீட்டாரிடமும் உறுதி பெறுதல்.
4. மாதம் ஒருமுறை பள்ளிவாசல் கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டத்தை அளந்து, அதை அறிவிப்புப் பலகையில் எழுதுதல்.

நான்காவது வேண்டுகோள் மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதுதான் மற்ற மூன்றுக்கும் உயிர். பழைய ஹவ்ளின் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அது காக்கப்பட்டது. ஊருக்கடியில் உள்ள ஹவ்ளின் மட்டமும் ஜும்ஆவுக்கு வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் படட்டும். இம்மாதம் அரையடி தாழ்ந்தது என்று படித்தவர், வீட்டுக்குப் போய்க் குழாயை மூடுவார். மழைக்குப் பின் மூன்றடி உயர்ந்தது என்று படித்தவர், தம் கூரை நீரும் அதில் சேர்ந்திருப்பதை எண்ணி மகிழ்வார்.

தண்ணீர் நாம் உண்டாக்கிய பொருளன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நமக்கு இனிப்பாகக் கிடைத்த கிணற்றை நம் பேரப்பிள்ளைகளுக்கு உப்பாகக் கையளிக்காமல் இருக்க வல்ல இறைவன் நமக்கு நல்லெண்ணத்தையும் நற்செயலையும் தந்தருள்வானாக! ஆமீன்.